மோர்டோவைக் குரு ஏன் விரட்டவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில் சூப்பர்ஹீரோ திரைப்படங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் என்னும் மந்திரவாதிக்கும் பாரன் மோர்டோ என்னும் மற்றொரு மந்திரவாதிக்கும் இடையிலான பகை, 2016-இல் வந்த திரைப்படத்தில் உள்ளபடியே மூலச் சித்திரக்கதையிலும் இருக்கிறது என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. 1960-களின் சித்திரக்கதைகளில் நல்லவன் கெட்டவனை அடித்து வீழ்த்துவதற்கு மேல் எதையும் தேட வேண்டியதில்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அந்தக் கதைகளைச் சிறுவனாக ஒரு முறையும், பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு முறையும் வாசித்தவன், முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்தவன் என்னும் முறையில் இவ்விரு கூற்றுகளையும் மறுத்து எழுதுகிறேன். மறுப்பதைக் காட்டிலும், அந்தச் சில பக்கங்களில் என்ன இருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே என் விருப்பம்.

1970-களின் நடுவில் கும்பகோணத்தில் நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, கதைப் புத்தகத்து மந்திரவாதி என்றால் எங்களுக்கு மாண்ட்ரேக் ஒருவன்தான். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், மாண்ட்ரேக்கையும் தமிழ் பேச வைத்திருந்தது. உயரத் தொப்பியும் மேலங்கியும் அணிந்த அவன் கையை அசைத்தால் எதிரியின் கண்ணுக்குத் துப்பாக்கி வேறொன்றாகத் தோன்றும். அது கண்கட்டு வித்தை. பார்ப்பவன் மயங்குவானே தவிர, பொருள் எதுவும் மாறாது. அந்த நாளில் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தாய்மாமன் அட்டை கிழிந்த ஆங்கிலச் சித்திரக்கதை ஒன்றைக் கொண்டுவந்தார். ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் படங்கள் புரிந்தன. ஒருவன் கண்ணை மூடி அமர்ந்திருக்கிறான். அவன் உடலுக்குள்ளிருந்து அவனே, கோட்டளவாக, உள்ளே ஊடுருவிப் பார்க்கும்படி எழுந்து சுவரைக் கடந்து போகிறான். என் பாட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கூடுவிட்டுக் கூடு பாயறதுடா, நம்ம மூலர் செஞ்சது" என்றார்.

பாட்டியின் பிறந்த ஊர் திருவாவடுதுறைக்குப் பக்கம். கைலாயத்திலிருந்து பொதிகைக்குப் புறப்பட்ட சிவயோகி ஒருவர், வழியில் காவிரிக்கரையில், சாத்தனூர் மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் கதறி நிற்பதைக் கண்டு, தம் உடலை ஓரிடத்தில் பாதுகாப்பாக வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுந்தார் என்றும், பசுக்களை வீட்டில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது வைத்த இடத்தில் தம் உடல் இல்லை என்றும் சேக்கிழார் பாடியிருக்கிறார். அவர்தான் திருமூலர். விட்டுச் சென்ற உடல் காவலின்றிக் கிடக்கும் என்பதே இந்த வித்தையின் ஆபத்து. டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் கதையில் திகில் பிறப்பதும் அங்கேதான் என்பதை எழுத்தறியாத என் பாட்டி ஒரு படத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டார்.

இப்போது என் மகள் வாங்கி அனுப்பிய முழுத் தொகுப்பை வரிசையாக வாசித்தபோதுதான் கதையின் அமைப்பு எனக்கு விளங்கியது. டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் முதலில் தோன்றியது மார்வல் நிறுவனத்தின் ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 110-ஆம் இதழில். அட்டையில் அச்சான மாதம் 1963 ஜூலை. மொத்தமே 5 பக்கங்கள். இதழின் முதன்மைக் கதை வேறொரு நாயகனுடையது. இது பின்பக்கங்களை நிரப்ப வந்த சிறுகதை. அடுத்த 111-ஆம் இதழில், மீண்டும் 5 பக்கங்களில், மோர்டோ வருகிறான். பிறகு இரண்டு இதழ்களில் ஸ்ட்ரேஞ்ச் இல்லை. 114-ஆம் இதழில் மோர்டோவோடு திரும்பி வருகிறான். டிசம்பர் என்று அட்டையில் அச்சான 115-ஆம் இதழில்தான், 8 பக்கங்களில், ஸ்ட்ரேஞ்ச் யார், மந்திரத்துக்கு எப்படி வந்தான் என்ற முன்கதை சொல்லப்படுகிறது. இந்த வரிசையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் சொல்ல வந்தது இந்த வரிசையில்தான் இருக்கிறது.

111-ஆம் இதழின் கதை இது. ஸ்ட்ரேஞ்சும் மோர்டோவும் ஒரே குருவிடம் கற்றவர்கள். ஏன்ஷியன்ட் ஒன் என்று அழைக்கப்படும் அந்த முதியவர், மனித நடமாட்டம் இல்லாத மலைப்பகுதியில் தனியே வாழ்கிறார். குருவின் இரகசியங்களை அடைய விரும்பும் மோர்டோ, இருந்த இடத்தை விட்டு அசையாமல் ஆவியுருவில் அங்கே சென்று, குருவின் பணியாளைத் தன் வசப்படுத்தி, அவன் கையாலேயே அவர் உணவில் நஞ்சு கலக்க வைக்கிறான். குரு தளர்ந்து விழுகிறார். செய்தியை உணர்ந்த ஸ்ட்ரேஞ்சும் உடலை விட்டு எழுகிறான். இரண்டு ஆவிகளும் மோதுகின்றன. இரண்டு உடல்களும் எங்கோ தனித்தனி அறைகளில் கண் மூடி அமர்ந்திருக்கின்றன. வெற்றி வலிமையால் வருவதில்லை, உபாயத்தால் வருகிறது. ஒரு குத்துச்சண்டை கூட இல்லாத இந்தக் கதையைத்தான் கட்டுரையாளர் அடிதடிக் கதை என்று ஒதுக்கிவிட்டார்.

இனி 115-ஆம் இதழ். ஸ்டீபன் ஸ்ட்ரேஞ்ச் தேர்ந்த அறுவை மருத்துவன். ஆனால் நோயாளியைவிடக் கட்டணத்தை மதிப்பவன், கர்வம் பிடித்தவன். கார் விபத்தில் கை நரம்புகள் சிதைகின்றன. கத்தி பிடிக்க முடியாமல் போகிறது. பிறருக்குத் துணையாக இருந்து ஆலோசனை சொல்லும் வேலை அவனுக்குக் கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. எல்லாம் இழந்து துறைமுகத்தில் திரியும்போது, எந்த நோயையும் தீர்க்கும் ஒரு முதியவரைப் பற்றி மாலுமிகள் பேசிக்கொள்வதைக் கேட்டுத் தேடிப் போகிறான். குருவோ அவன் கைகளைக் குணப்படுத்த மறுக்கிறார். சுயநலத்துக்காக வந்தவன் நீ, வேண்டுமானால் என்னிடம் இருந்து கற்றுக்கொள் என்கிறார். அவன் ஏளனம் செய்கிறான். ஆனால் பனி வழியை அடைத்துவிட்டதால் உடனே திரும்பிப் போக முடியவில்லை. அங்கே தங்கியிருக்கும்போதுதான், குருவின் சீடனாகிய மோர்டோ அவரைக் கொல்ல மறைவில் மந்திரம் செய்வதைப் பார்த்துவிடுகிறான்.

அவன் பார்த்ததை மோர்டோவும் பார்த்துவிடுகிறான். உடனே ஸ்ட்ரேஞ்சின் வாயைக் கட்டிவிடுகிறான். வேறு எதையும் பேசலாம். இந்தச் சதியை மட்டும் யாரிடமும் சொல்ல முடியாது. இதற்கு நம் ஊரில் வாய்க்கட்டு என்று பெயர். நான் சிறுவனாக இருந்தபோது, பாம்புக்கும் நரிக்கும் வாய்க்கட்டுப் போடத் தெரிந்தவர் என்று ஒரு முதியவரைக் காட்டி, அவர் வரும் தெருவில் எங்களை ஓடக்கூட விடமாட்டார்கள். எதிரியைக் கொல்வதைவிட, உண்மை தெரிந்தும் சொல்ல முடியாதபடி அவனை உயிரோடு நிறுத்துவது கொடியது என்று இந்தக் கதையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவும் முடியாமல், விட்டுப் போகவும் மனமில்லாமல் தவிக்கும் ஸ்ட்ரேஞ்ச், மோர்டோவை மந்திரத்தால் எதிர்க்க வேண்டுமானால் தானும் மந்திரம் கற்க வேண்டும் என்று உணர்ந்து, நேராகக் குருவிடம் சென்று, என்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கிறான். காரணம் மட்டும் அவன் வாயிலிருந்து வராது. அவன் தனக்காக அன்றி வேறொருவருக்காக எடுத்த முதல் முடிவு அது.

குரு கட்டை அவிழ்க்கிறார். மோர்டோவின் எண்ணம் எனக்கு முன்பே தெரியும் என்கிறார். தெரிந்திருந்தும் ஏன் விரட்டவில்லை என்றால், தொலைவில் விடுவதைவிட என் கண் பார்வையில் வைத்திருப்பதே நல்லது என்கிறார். வெள்ள காலத்தில் ஆற்றங்கரையில் காவல் இருந்த எங்கள் ஊர்ப் பெரியவர்கள், கரையில் எந்த இடம் நொய்ந்திருக்கிறதோ அந்த இடத்தில்தான் பாயை விரித்துப் படுப்பார்கள். குருவின் செயலைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

இதழ்களின் வரிசையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? காலத்தால் முந்தைய இந்த முன்கதை வாசகர் கைக்கு வருவது டிசம்பர் இதழில். மோர்டோ குருவுக்கு நஞ்சு வைத்த கதையை அவர்கள் ஆகஸ்ட் இதழிலேயே படித்துவிட்டார்கள். ஆகவே, கெட்ட சீடனை அருகில் வைத்துக்கொள்வேன் என்று குரு அமைதியாகச் சொல்லும் இடத்தில், அந்த அமைதிக்கு அவர் கொடுக்கப்போகும் விலை வாசகனுக்குத் தெரியும். குருவின் முடிவு சரியா, தவறா? கதை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சிறுவனாக இருந்தபோது இதைக் கவனிக்க எனக்கு வழியில்லை. என்னிடம் இருந்தது ஒற்றை இதழ். இப்போது இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. என் பணிக்காலத்தில், ஓவியப் போட்டிக்கென்று ஒரு மாணவன் பல நாள் உழைத்து வரைந்த படத்தில் இன்னொரு மாணவன் மையைக் கொட்டிவிட்டான். கொட்டியவனும் நன்றாக வரையக்கூடியவன், பொறாமைதான் காரணம். நான் அவனை என் வகுப்பிலிருந்து விலக்கி வைத்தேன். நீதி செய்ததாகவே அப்போது நினைத்தேன். அதன் பிறகு அவன் தூரிகையைத் தொட்டானா என்பது எனக்குத் தெரியாது. வைத்துக்கொண்டிருந்தால் திருந்தியிருப்பான் என்று என்னால் சொல்ல முடியாது, மோர்டோ திருந்தவில்லை. ஆனால் என் கண் பார்வையில் இருந்திருப்பான். மந்திரவாதிகள் இருவரின் பகையைச் சொல்லும் 8 பக்கக் கதை, அந்த மந்திரங்களுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓர் ஆசிரியனை இந்தக் கேள்வியின் முன் நிறுத்துகிறது என்றால், அதில் தேட ஒன்றுமில்லை என்பதை நான் எப்படி ஏற்பேன்?

திரைப்படத்தில் இவை எதுவும் இல்லை. அங்கே மோர்டோ ஸ்ட்ரேஞ்சுக்குத் தோழனாகவும் வழிகாட்டியாகவும் வருகிறான். குருவே விதியை மீறி இருண்ட உலகத்தின் ஆற்றலைப் பெற்றிருக்கிறார் என்று அறிந்து, மனம் உடைந்து விலகிச் செல்கிறான். அதுவும் நல்ல கற்பனைதான், அதன் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் அது வேறு கதை. சித்திரக்கதையில் பிழை சீடனிடம் இருக்கிறது, பொறுமை குருவிடம் இருக்கிறது. திரைப்படம் பிழையைக் குருவிடம் மாற்றிவிட்டது. இரண்டும் ஒன்றே என்று எழுதுவது இரண்டுக்கும் நியாயம் செய்வதாகாது.

ஓவியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் குடியிருப்பது சுவாமிமலையில். இங்கே ஸ்தபதிகள் தென்னை ஓலையை மடித்து அளவெடுத்து, மெழுகில் உரு பிடித்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி வார்ப்பார்கள். அவர்களுடைய திருமேனிகளில் முகம் எப்போதும் சாந்தமாகவே இருக்கும். செய்தி முழுவதையும் கை சொல்லும். ஓவியர் ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்ட்ரேஞ்சும் அப்படித்தான். முகத்தில் பெரிய மாற்றம் இராது. சுட்டுவிரலும் சிறுவிரலும் நீண்டு, நடுவிலுள்ள இரண்டு விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடிந்த அந்தக் கை, நாட்டியத்தில் சிம்மமுகம் என்று சொல்லும் முத்திரைக்கு மிக நெருக்கமானது. முந்தைய ஆண்டு, 1962-இல், ஸ்பைடர்மேனுக்கு வலை வீசும் கையை வரைந்தவரும் இதே டிட்கோதான். அந்தக் கையிலும் நடு இரு விரல்கள் மடிந்தே இருக்கின்றன. கத்தி பிடிக்க முடியாமல் போன ஒரு மருத்துவனின் கைகளே கதை முழுவதையும் நடத்துகின்றன என்பது ஓவியர் விரும்பிச் செய்த ஏற்பாடு என்று நான் நம்புகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில், நாட்டிய நிலைகளான 108 கரணங்களில் 81-இன் சிற்பங்கள் உள்ளன; மீதி 27-க்கு உரிய கற்கள் செதுக்கப்படாமல் நிற்கின்றன. ஒரு கரணத்திலிருந்து அடுத்த கரணத்துக்கு ஆடல் எப்படி நகர்கிறது என்பதைப் பார்ப்பவர் தம் மனத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். சித்திரக்கதையின் கட்டங்களும் அதே உழைப்பை வாசகனிடம் கேட்கின்றன. டிட்கோ வரையும் வேற்றுலகங்களில், தரையே இல்லாத வெளியில் பாதைகள் வளைந்து செல்கின்றன; எந்தச் சுவரிலும் பதியாத வாசல்கள் தனியே நிற்கின்றன. கணிப்பொறி வராத காலத்தில் மையும் தூரிகையும் கொண்டு செய்யப்பட்டவை இவை.

தங்கள் கட்டுரையில் இந்த டிட்கோவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. படைத்தவர் ஸ்டான் லீ என்று மட்டும் இருந்தது. இது வெறும் விடுபடல் அன்று. இந்தக் கதையின் கருத்து ஸ்டீவுடையது என்று 1963-இன் தொடக்கத்திலேயே ஒரு கடிதத்தில் எழுதியவர் ஸ்டான் லீதான். லீயின் பங்கைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. உரையாடலும் மந்திரச் சொற்களும் அவருடையவை. ஹோரி ஹோஸ்ட்ஸ் ஆஃப் ஹாகத் என்று ஸ்ட்ரேஞ்ச் முழங்குவதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், நாம் மோனை என்று சொல்லும் அழகு அதில் இருப்பது காதுக்குத் தெரியும். இவற்றைத் தமிழாக்குபவர் பொருளைப் பெயர்க்காமல் மோனையைப் பெயர்க்க வேண்டும். இருவரும் 2018-ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் மறைந்தார்கள். இருவருக்கும் உரியதை இருவருக்கும் கொடுப்பதே முறை.

இந்தக் கதைகளில் குறை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கிழக்குத் திசை என்றாலே மர்மம், மலை, மந்திரம் என்னும் மேனாட்டுப் பார்வை இவற்றில் அப்பட்டமாக இருக்கிறது. ஸ்ட்ரேஞ்சின் ஆசியப் பணியாளுக்குத் தொடக்கத்தில் பெயர்கூட இல்லை. நஞ்சு கலக்க நேர்ந்த அந்த மலைப் பணியாளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று கதை ஒரு கட்டத்திலும் கேட்பதில்லை. நாயகனையே கருப்பு மந்திரத்தின் தலைவன் என்று தலைப்பிட்டு அறிமுகம் செய்தார்கள். பில்லி, சூனியம், ஏவல் என்ற சொற்களின் பாரம் தெரிந்த நமக்கு அது உறுத்தும். அவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும், பின்னாளில் அந்தப் பட்டத்தை மாற்றிவிட்டார்கள்.

1965 மார்ச் முதல் 1966 ஜூலை வரை, 130-ஆம் இதழிலிருந்து 146-ஆம் இதழ் வரை நீண்ட தொடரில் இந்தப் பகை விரிகிறது. அங்கே மோர்டோ, டோர்மாமு என்னும் வேற்றுலக ஆட்சியாளனிடம் ஆற்றலைக் கடன் வாங்கி ஸ்ட்ரேஞ்சை உலகெங்கும் துரத்துகிறான். ஸ்ட்ரேஞ்சிடம் தான் கற்றது மட்டுமே இருக்கிறது. நினைவிழந்து கிடக்கும் குருவின் வாயிலிருந்து நித்தியம் என்று பொருள்படும் ஒற்றைச் சொல் வருகிறது; அது என்ன என்று தேடி அவன் அலைகிறான். அன்று மோர்டோவால் வாய் கட்டப்பட்டவன், இன்று குருவின் வாய் திறந்து வரும் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறான். டிட்கோ அந்தத் தொடரோடு விலகிக்கொண்டார்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். சித்திரக்கதைகளைப் பற்றித் தங்கள் இதழில் எழுதும்போது, கதாசிரியர் பெயருடன் ஓவியர் பெயரையும், முதலில் வெளிவந்த இதழையும் ஆண்டையும் குறிப்பிடச் செய்யுங்கள். ஒரு நூலுக்குச் செய்யும் மரியாதை அது. அடுத்ததாக, கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் உள்ள பொது நூலகங்களில் சித்திரக்கதைகளுக்கு ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன். என் பேரன் திரைப்படத்தின் வழியே மட்டுமே மோர்டோவை அறிந்திருந்தான். 115-ஆம் இதழின் 8 பக்கங்களை அவனுக்கு நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அவன் கேட்டது ஸ்ட்ரேஞ்சைப் பற்றி அன்று. "குருவுக்கு எல்லாம் தெரியும்னு மோர்டோவுக்குத் தெரியுமா, தாத்தா?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. நாங்கள் இருவரும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
சுவாமிமலை.